சமையலுக்கு வாங்கிய சிவப்பு வைன் மீந்தால் எப்படிச் சேமிப்பது?

அனைவருக்கும் வணக்கம். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதிக்குரிய, மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் மெதுவாக வேகவைக்கும் குழம்பை இருவருக்கு மட்டும் சமைப்பதால், 750 மில்லி பாட்டிலில் பாதிக்கு மேல் மீந்துவிடுகிறது. குடிக்கும் பழக்கமோ வீட்டில் எவருக்கும் இல்லை. காற்றுப் பட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் வைனை வினிகராக்கிவிடும் என்பதால், சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இரண்டாம் வாரமே புளித்த வாடை வீசியது (மூடியின் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு).

இப்போது ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்க எண்ணுகிறேன். ஏறத்தாழ 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள வைன், மைனஸ் 18 டிகிரியில் உறைந்தாலும் தண்ணீர்க் கட்டியைப் போல இறுகாது என்பதை அறிவேன். அக்கட்டிகளைப் பையில் மாற்றி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா, மாதக்கணக்கில் வைத்த பிறகும் குழம்பின் சுவை குன்றாமல் இருக்கிறதா என்பதைச் செய்து பார்த்தவர்கள் அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.