புத்தக அலமாரியையே கதவாக வைக்க, சுவரில் எவ்வளவு அகலம் உடைக்க வேண்டும்?

கேள்வி:
படிக்கும் அறைக்கும் பக்கத்துச் சின்ன அறைக்கும் நடுவே 23 செ.மீ. செங்கல் சுவர் இருக்கிறது. அதில் வழி திறந்து, வெளியே பார்த்தால் வெறும் புத்தக அலமாரி மாதிரியே தெரியும் கதவு வைக்க ஆசை. 80 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் என்று மனதில் வைத்திருக்கிறேன். சுவரையும் 80-க்கே உடைத்தால் போதுமா? கதவு படிக்கும் அறைப் பக்கம்தான் திறக்க வேண்டும், உள்ளே இடமில்லை.

பதில் 1:
போதாது. சாதாரணக் கதவு மெல்லிய பலகை, இது பெட்டி. கீல் முன் மூலையில் இருந்தால், எதிர்ப்பக்கத்துப் பின் மூலை சுழலும்போது மூலைவிட்டத்தின் நீளம் தேவைப்படும். 80-க்கு 25 என்றால் அது 83.8 செ.மீ., அதாவது பக்கவாட்டில் கிட்டத்தட்ட 4 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் கதவு நிலையில் (வாசலைச் சுற்றிய சட்டத்தில்) முட்டி நின்றுவிடும். ஆழத்தை 18 ஆக்கினால் 2 செ.மீ. போதும், அதை அலமாரியின் முகப்பில் அடிக்கும் பட்டை மறைத்துவிடும். ஏ5 அளவுப் புத்தகத்தின் அகலம் 15 செ.மீ.க்குள்தான், தாராளமாக நிற்கும்.

இதைவிட முக்கியமானது நடக்கும் வழி. 90 டிகிரி திறந்து நிற்கும்போது அலமாரியின் ஆழம் முழுவதும் வாசலை அடைத்துக்கொள்ளும். உங்கள் கணக்கில் மிஞ்சுவது 55 செ.மீ., ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவதே கஷ்டம். அலமாரியை 95-க்கு 18 என்று வைத்தால் 75-க்கு மேல் கிடைக்கும். அதனால் ஆழத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் சுவரைத் தொடுங்கள். தடித்த அட்டையை முழு அளவில் வெட்டி, கீல் வரும் இடத்தில் ஆணி வைத்துத் தரையில் சுழற்றிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

பதில் 2:
சுவர் பாரம் தாங்குகிறதா என்று கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்காதீர்கள். லிண்டல் (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம்) இரண்டு பக்கமும் 15 செ.மீ.யாவது சுவரில் உட்கார வேண்டும், ஆக மேலே உடைப்பது வாசலைவிட அகலமாகத்தான் இருக்கும். உடைக்கும் அகலத்தோடு நிலையின் தடிமனையும் கூட்டுங்கள். மின்கம்பி, குழாய் எதுவும் அந்த வழியே ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆழம் 18 சரி. சாதாரணக் கீல் தாங்குமா?

பதில் 3:
நம்பாதீர்கள். நெருக்கமாக அடுக்கிய புத்தகம் மீட்டருக்கு 30 கிலோ வரை வரும், 95 செ.மீ. அகலத்தில் ஐந்து தட்டு என்றால் 130 கிலோவைத் தாண்டும், மரத்தின் எடை தனி. கீழே தரையிலும் மேலே லிண்டலிலும் பதிக்கும் பிவட் கீல் வாங்குங்கள், பாரம் தரைக்குப் போய்விடும். அது சரியாக மூலையில் உட்காராது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் வரும், அதனால் அட்டையில் ஆணியையும் அதே புள்ளியில் வையுங்கள். கதவு சுழலும் வட்டம் முழுக்கத் தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஒரு மூலையில் 1 செ.மீ. உயர்ந்திருந்தாலும் உரசும். கனமான புத்தகங்கள் கீல் பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் சாவி இல்லாமல் திறக்கும் கைப்பிடி கட்டாயம் வேண்டும்.