சட்ட நிறுவனத்துக்கு கவர் லெட்டர்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். நான் சட்ட மாணவி. ஒரு சட்ட நிறுவனத்தில் வணிக வழக்குகளைப் பார்க்கும் பிரிவில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ரெஸ்யூமே தயார். கவர் லெட்டரில்தான் தடுமாறுகிறேன்.

ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும், ரெஸ்யூமேயில் உள்ளதையே திரும்பச் சொல்லக் கூடாது என்பது வரை தெரியும். அதனால் மூட் கோர்ட்டை (சட்ட மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றம்) மட்டும் எடுத்துக்கொண்டேன். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று முன்பே யோசித்து, ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்த நிபந்தனை) பற்றிய எங்கள் எழுத்து வாதத்தை எப்படி மாற்றி அமைத்தேன் என ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். ‘கடின உழைப்பாளி’, ‘ஆர்வம் மிக்கவள்’ என்பதைவிட இதுதான் என் வேலையைக் காட்டும் என்று நம்புகிறேன். ஆனால் படிப்பவருக்கு இவ்வளவு விவரம் தேவைப்படுமா?

இதைவிடப் பெரிய குழப்பம் வேறு. முன்பு ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சியில் இருந்தபோது, இன்னும் முடியாத ஒரு வழக்குக்கு ஆராய்ச்சிக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது கட்டாயம். பெயரை எடுத்துவிட்டாலும் சம்பவத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சரி, ‘ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடு பற்றி ஆராய்ந்தேன்’ என்று மட்டும் எழுதினால் சப்பென்று இருக்கிறது. எதுவரை சொல்லலாம்?

அப்புறம், யார் பெயருக்கு எழுதுவது? ஆள் எடுக்கும் பொறுப்பாளர் யாரென்று தெரியவில்லை. பிரிவின் மூத்த பார்ட்னருக்கே எழுதலாமா?

விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்தவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். யாராவது பார்த்துத் தருவதாக இருந்தால் வரைவைத் தனியாக அனுப்புகிறேன்.