பெரிய வீட்டுச் சொந்தங்கள்: மரினோவும் மோதிரமும்

[இரவு 8:12] கார்த்திக்: பட்டியல் தயார். அமெரிக்கக் கால்பந்தில் எல்லாக் காலத்துக்குமான ஐந்து சிறந்த குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துகிறவர்கள்): டாம் பிரேடி, ஜோ மோன்டானா, பாட்ரிக் மஹோம்ஸ், பெய்டன் மேனிங், ஜான் எல்வே. யாருக்காவது மறுப்பு உண்டா?

[8:13] ரவி சித்தப்பா: மயாமி டால்ஃபின்ஸின் டான் மரினோ எங்கே?

[8:15] கார்த்திக்: 17 வருடம் ஆடியும், வருடத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றால் கிடைக்கும் மோதிரம் ஒன்றுகூட இல்லையே, சித்தப்பா. மற்ற ஐந்து பேரிடமும் இருக்கிறது.

[8:16] ரவி சித்தப்பா: மோதிரத்தை வெல்வது அணி. அதை ஒரே ஒருவர் விரலில் மாட்டிவிட்டு அவரை அளக்கிறாய்.

[8:18] மீனா: மாமா, எனக்கு இந்த ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. குவார்ட்டர்பேக்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார் என்றால் தோல்விக்கும் அவர்தானே பொறுப்பு?

[8:23] ரவி சித்தப்பா: நல்ல கேள்வி, அம்மா. பந்து நம் அணியிடம் இருக்கும்வரைதான் அவர் களத்தில் நிற்பார். எதிரணியிடம் போனதும் வெளியே வந்துவிடுவார். தடுப்பதற்கு வேறு 11 பேர் இறங்குவார்கள். பந்து கையில் இருக்கும்போதும், முன்னால் ஐந்து பேர் சுவர்போல் நின்று காத்தால்தான் எறிய நேரம் கிடைக்கும். பந்தைச் சுமந்து ஓட நல்ல ஆள் இல்லையென்றால், எறியத்தான் போகிறார் என்று எதிரணி முன்கூட்டியே காத்திருக்கும்.

1986 செப்டம்பரில் நான் இங்கே படித்துக்கொண்டிருந்தேன். மயாமிக்கும் நியூயார்க் ஜெட்ஸுக்கும் ஆட்டம். விடுதித் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மரினோ ஆறு டச்டவுன் எறிந்தார் (பந்து எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன்), எறிந்தே அணியை முன்னேற்றியது 448 யார்டு. கடைசி நொடியில் ஜெட்ஸ் சமன் செய்தார்கள், கூடுதல் நேரத்தில் வென்றார்கள். 51-45. ஆறு டச்டவுன் எறிந்தவர் தோற்றுப்போய் தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்த பிறகு, மோதிரக் கணக்கை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

[8:24] ரவி சித்தப்பா: அந்த வருடம் முழுவதும் அவர் எறிந்தது 44 டச்டவுன். மயாமி டால்ஃபின்ஸ் எட்டில் வென்று எட்டில் தோற்றது.

[8:29] கார்த்திக்: ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாதே. 1985 ஜனவரியில் அவருக்கும் சூப்பர் பவுல் வாய்ப்பு வந்தது. மோன்டானாவின் சான்பிரான்சிஸ்கோவிடம் 38-16 என்று தோற்றார். பெரிய ஆட்டத்தில் வெல்கிறவர்தானே பெரியவர்?

[8:36] ரவி சித்தப்பா: அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள். மயாமி பந்தைச் சுமந்து ஓடியது ஒன்பதே முறை; கிடைத்தது 25 யார்டு. மரினோ 50 முறை எறிய வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் சான்பிரான்சிஸ்கோ மொத்தம் 537 யார்டு குவித்தது. அதைத் தடுக்கும் வேலை மரினோவுடையதா?

இப்போது 11 வருடம் பின்னால் போ. 1974 ஜனவரி, அதே மயாமி, அதே பயிற்சியாளர் டான் ஷூலா. மினசோட்டாவுக்கு எதிரான சூப்பர் பவுல். குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி. அவர் அன்று எத்தனை முறை எறிந்தார் என்று நினைக்கிறாய்?

[8:37] கார்த்திக்: 20?

[8:37] ரவி சித்தப்பா: ஏழு. லாரி சோங்கா 33 முறை சுமந்து ஓடி 145 யார்டு எடுத்தார். 24-7 வெற்றி. ஏழு முறை எறிந்தவரிடம் மோதிரம் இருக்கிறது, 50 முறை எறிந்தவரிடம் இல்லை. கிரீஸியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவரே மரினோவின் அணியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசி.

[8:41] கார்த்திக்: ஓட்டத்தின் அருமை தெரிந்த ஷூலா, மரினோவுக்கு ஏன் ஓடுகிறவரைத் தேடித் தரவில்லை?

[8:48] ரவி சித்தப்பா: தேடினார், அமையவில்லை. மரினோ ஆடிய 17 வருடங்களில் மயாமியில் ஒருவர் ஒரே வருடத்தில் 1,000 யார்டு ஓடியது ஒரே ஒரு முறை, 1996-இல்.

என் மனதில் வெகுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்குத்தான் அடுத்த வருடம் புது வீரர்களை முதலில் தேர்வு செய்யும் உரிமை. அத்தனை வருடங்களில் மயாமி வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கண்டது 1988-இல் மட்டும். அணியின் ஓட்டைகளையெல்லாம் மரினோவின் கை அடைத்துக்கொண்டே இருந்தது. மேலேறும் அளவுக்கு அணி நன்றாகவும் இல்லை. நல்ல இளைஞர்களை முதலில் அள்ளும் அளவுக்கு மோசமாகவும் இல்லை. அவர் திறமையே அவரை அந்த நடுவில் கட்டிப்போட்டுவிட்டது.

[8:50] சுமதி அத்தை: ரவி, எங்கள் டென்வர் எல்வேயை மட்டும் இதில் இழுக்காதே.

[8:56] ரவி சித்தப்பா: இழுக்காமல் முடியாது, அக்கா! 1983 புது வீரர் தேர்வில் எல்வே முதல் ஆளாகத் தேர்வானார், மரினோ 27-ஆவது ஆளாக. எல்வே மூன்று சூப்பர் பவுல் தோற்றார், அதில் ஒன்று 55-10. 1995-இல் ஷனஹான் பயிற்சியாளராக வந்தார், பந்தைச் சுமந்து ஓடும் டெரல் டேவிஸ் வந்தார். 1998 ஜனவரியில் எல்வே முதல் மோதிரத்தை வென்றபோது அவர் எறிந்தது 123 யார்டு, ஒரு டச்டவுன் பாஸ்கூட இல்லை. டேவிஸ் 157 யார்டும் மூன்று டச்டவுனும் ஓடினார்.

[8:59] சுமதி அத்தை: 37 வயதில் அந்த மனிதர் மூன்று பேருக்கு நடுவே பாய்ந்து, காற்றில் சுழன்று எட்டு யார்டு எடுத்தார். எந்தக் கணக்கில் அது வரும்? அன்றைக்கு இங்கே நாங்கள் அழுதோம்.

[9:02] ரவி சித்தப்பா: நானும் எழுந்து நின்று கைதட்டினேன், அக்கா. அவரைப் பட்டியலிலிருந்து எடு என்று கேட்கவில்லை. டேவிஸ் வருவதற்கு முன்பும் அவர் இதே எல்வேதான் என்கிறேன். 1996-இலேயே ஓய்வு பெற்றிருந்தால் கார்த்திக் அவர் பெயரை எழுதியிருக்க மாட்டான்.

[9:05] கார்த்திக்: பிரேடி? நியூ இங்கிலாந்தை விட்டுப் போய், டாம்பா பேயிலும் முதல் வருடமே வென்றாரே.

[9:09] ரவி சித்தப்பா: பிரேடி முதலிடத்தில் இருக்கட்டும். ஒரு சூப்பர் பவுலில் 28-3 என்று பின்தங்கி மீண்டு வந்தவரை யார் மறுப்பார்கள்? ஆனால் டாம்பாவுக்காக மஹோம்ஸின் அணியை வென்ற 31-9 ஆட்டத்தில், மஹோம்ஸுக்குக் காவல் நிற்க வேண்டிய இரண்டு டேக்கிள்களும் (அந்தச் சுவரின் இரு ஓரத்தில் நிற்பவர்கள்) காயத்தால் ஆடவில்லை. இரவு முழுவதும் மஹோம்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். அன்று மஹோம்ஸ் சிறியவராகிவிட்டாரா?

[9:16] கார்த்திக்: கிரீஸியின் கணக்கைத் தேடிப் பார்த்தேன். ஏழுதான்.

[9:17] கார்த்திக்: பட்டியலை ஆறாக்கலாமா?

[9:18] சுமதி அத்தை: ஆக்கு. எல்வே இருக்கிறார் அல்லவா?

[9:18] கார்த்திக்: இருக்கிறார், அத்தை.

[9:21] மீனா: மாமா, அந்த 51-45 ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

[9:22] ரவி சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அம்மா. சேர்ந்து பார்ப்போம்.