கல்லைப் பிளந்தால் உள்ளே பன்னம்: உங்களுக்கும் இப்படி அகப்பட்டதா?

ஹப்புத்தளை மருமகள்
லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க அணைச்சுவர் கட்டினார்கள். மாமாதான் கல் உடைத்தார். ஒரு கல்லில் ஏற்கெனவே கீறல் இருந்தது, ஆப்பு வைத்து ஒரே அடி, நேராக இரண்டாகப் பிரிந்துவிட்டது. உள்ளே கறுப்பாகப் பன்னம், பூக்காத அந்த இலைச்செடி மாதிரியே! இந்தப் பாதியில் இருந்தது அப்படியே அந்தப் பாதியிலும். மாமா சம்மட்டியைப் போட்டுவிட்டு, "புள்ள, இங்க வந்து பாரு" என்றார். விரலால் தடவினேன், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. அது செடி இல்லை, மங்கனீசு என்ற உலோகம் படிந்த கறை என்று இங்கே முன்பே பலர் எழுதியிருக்கிறீர்கள். சரி, இருக்கட்டும். வெறும் கறை இவ்வளவு ஒழுங்காக எப்படிக் கிளை விடும்? அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பசறைப் பையன்
எல்லாவற்றுக்கும் மங்கனீசு! நான் படித்த பள்ளிக்கூட அலுமாரியில் இதே மாதிரி ஒரு கல் இருந்தது. "உயிர்ச்சுவடு" என்று சீட்டு ஒட்டியிருக்கும், அதாவது கல்லில் பதிந்துபோன பழங்காலச் செடி. ஒருநாள் விஞ்ஞான சேர் அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்வாங்கில் இருந்தவன்கூட எழும்பி வந்து பார்த்தான். சின்னச் சின்ன இலைவரை தெரியும். கறையாம்!

பேராதனைப் பழசு
தம்பி பசறை, சீட்டு ஒட்டினால் உயிர்ச்சுவடு ஆகிவிடாது. நம் மலைநாட்டுக் கற்கள் பெரும்பாலும் நிலத்துக்குள் ஆழத்தில், 800 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வெந்து உருமாறியவை. அது நடந்தது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன். தரையில் முதல் செடிகள் தலைகாட்டியதே சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். செடியே இல்லாத காலத்துக் கல்லில் பன்னம் எங்கிருந்து வரும்?

மருமகள் கேட்டதற்கு வருகிறேன். மழைநீர் மங்கனீசைக் கரைத்துக்கொண்டு முடிக்கனமான வெடிப்புக்குள் இறங்குகிறது. அங்கே ஒட்சிசன் பட்டதும் கறுப்பு ஒட்சைட்டாகப் படிகிறது. அலைந்து வரும் துணிக்கை முதலில் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நீட்டிக்கொண்டிருக்கும் நுனிதான் அதை முதலில் பிடிக்கும், இடுக்குக்குள் போக வழியில்லை. ஆகவே நுனி மேலும் நீளும், கிளை விடும், இடைவெளி நிரம்பாமலே கிடக்கும். 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதே விதியைக் கணினியில் ஓடவிட்டபோது இப்படிப்பட்ட கிளைகள்தான் வந்தன. திட்டம் போட்டு வளர விதை ஒன்றும் தேவையில்லை. வெடிப்பில் படிந்தது என்பதால்தான் இரண்டு பாதியிலும் ஒரே கோலம்.

இலங்கையில் உண்மையான செடிச் சுவடு பார்க்க வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். புத்தளம் பக்கம் தப்போவையில் யுராசிக் காலப் (டைனோசர்கள் வாழ்ந்த காலம்) படிவுக் கல்லில் பன்னங்களும் பனை போலத் தோன்றும் சைக்கசு இனங்களும் இருக்கின்றன. அதில் நடுநரம்பு தெரியும், இலைகள் காம்பில் அளவாக அடுக்கியிருக்கும். மங்கனீசுக் கோலத்தில் நரம்பு என்று ஒன்று கிடையாது.

என் அனுபவத்தைச் சொல்லவில்லையே. மாத்தளையில் வெளிக்கள வகுப்பு, சலவைக்கல் வெடிப்பில் கண்டேன், கொட்டுகிற மழை, படம் எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

லிந்துலை அக்கா
எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். சாமிப் படத்துக்குக் கீழே இருந்த கல்லைக் கண்டுவிட்டு, "ஆதிகாலத்துச் செடி அம்மா, வெளிநாட்டில் நல்ல விலை" என்று முன்பணம் கொடுக்கவே பார்த்தார். அப்பா பதிலே பேசாமல் அந்தக் கல்மேல் வெற்றிலைத் தட்டை வைத்தாரே பார்க்கணும்!

அப்புறம் ஒன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தக் கல்லைப் பளபளப்பாக்க வேண்டும் என்று தேசிக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள். சலவைக்கல் என்றால் புளி கல்லையே அரிக்கும், மற்றக் கல்லிலும் கறுப்பு மங்கிப்போகலாம். கம்பிப் பிரஷ் வேண்டவே வேண்டாம், மேலே இருப்பது மெல்லிய படலம்தான். பச்சைத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் பார்மசியில் புண் கழுவ விற்கும் ஐதரசன் பேரொட்சைட்டில் ஒரு சொட்டு, ஓரத்தில் மட்டும் விடுங்கள். மங்கனீசு ஒட்சைட்டு பட்டால் பொசுபொசுவென்று நுரைக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருண்ஷ் பூசவும் வேண்டாம், நாள்பட மஞ்சளாகும்.

பசறைப் பையன்
பேராதனை அண்ணே, 55 கோடி என்பது கல்லின் வயது. கோலம் படிந்தது வெடிப்பில் என்று நீங்களே சொல்கிறீர்கள், வெடிப்பு கல்லுக்குப் பிறகு வந்ததுதானே. அப்போ வெடிப்புக்குள் பிறகு ஒரு செடி போயிருக்கக் கூடாதா?

பேராதனைப் பழசு
வேர் போகும் தம்பி. போனால் வேர்த்தடம்தான் இருக்கும், விரித்த பன்ன இலை இருக்காது. முடிக்கனமான வெடிப்பில் இலை விரிக்க ஏது இடம்?

பசறைப் பையன்
சரி, பேரொட்சைட்டு வாங்கலாம். ஆனால் அந்த அலுமாரிச் சாவி அதிபரிடம். என்ன சொல்லிக் கேட்பது?