புதுப்பிப்பு: கணக்கர் வேலைக்கான ரெஸ்யூமேயில் பலன் தந்த சொற்கள்

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கு எழுதிவந்த நான், கோவையில் விண்ணப்பித்தும் அழைப்பே வரவில்லை, ரெஸ்யூமேயில் எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்று கேட்டிருந்தேன். வேலை கிடைத்துவிட்டது.

பலித்தது, விளம்பரத்தில் உள்ள சொல்லையே எடுத்தாளுங்கள் என்ற யோசனைதான். ஒரே பதவிக்கான பல விளம்பரங்களை அருகருகே வைத்துப் படித்தேன். டேலி பிரைம் (கணக்கு மென்பொருள்), டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்தம் செய்யும் வரி), வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. 'ஜிஎஸ்டி தெரியும்' என்பதை எடுத்துவிட்டு, 'மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல். கொள்முதல் பதிவேட்டை 2பி-யுடன் ஒப்பிட்டு உள்ளீட்டு வரி வரவைச் சரிபார்த்தல்' என்று எழுதினேன். (ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் ஜிஎஸ்டி கணக்குப் படிவங்கள்; 2பி என்பது நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்; உள்ளீட்டு வரி வரவு என்பது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது.) அழைத்தவர்கள் இந்த வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 'கடின உழைப்பாளி' போன்றவற்றை நீக்கியதில் எந்த இழப்பும் இல்லை.

எதிர்பாராத சிக்கல் வடிவமைப்பில் இருந்தது. பிடிஎஃப்-இன் எழுத்துகளை நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. ரெஸ்யூமே அருகருகே இரண்டு பத்திகளாக இருந்ததால், இடப்பக்கத் திறன்களும் வலப்பக்க அனுபவமும் வரிக்கு வரி கலந்து கிடந்தன. ரெஸ்யூமேகளை வடிகட்டும் நிறுவனங்களின் மென்பொருளும் அப்படித்தான் படித்திருக்கக்கூடும். ஒற்றைப் பத்திக்கு மாற்றிய பிறகே அழைப்புகள் வரத் தொடங்கின.

ஒன்று கவனியுங்கள்: சேர்த்த சொற்களிலிருந்தே நேர்காணலில் கேள்விகள் வந்தன. 2பி-யில் ஒரு பில் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.