கலப்பையைக் கட்டும் நேரம் எது? ஔவையோடு ஓர் அனுபவப் பகிர்வு

முதல் பதிவு

"எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காத ஆள் குறைவு. வேலை போனாலும் சரி, சம்பளப் பேச்சு படியாவிட்டாலும் சரி, அனுப்பிய கதை திரும்பி வந்தாலும் சரி, உடனே இந்த அடிதான். எந்தத் திசையில் போனாலும் அங்கே சோறு உண்டு என்று பொருள். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது, அவன் வாயில்காப்போனிடம் ஔவையார் பாடிய புறநானூறு 206-இன் கடைசி அடி இது. பாட்டு மொத்தம் 13 அடி. கடைசி அடியை மட்டும் பிய்த்து எடுத்தால் கையில் மிஞ்சுவது வீறாப்பு. முழுப் பாட்டோடு பழகியவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். பாட்டு என்ன செய்கிறது, அதை எப்படிக் கையாளுவது என்பது போதும்.

மறுமொழி

முதலில் ஒரு சொல். "காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை." இதில் வரும் கலப்பை ஏர் இல்லை. கலம் வைக்கும் பை, அதாவது இசைக்கருவிகளைப் போட்டுக் கட்டும் பை. ஏர் என்று எடுத்துக்கொண்டு "ஔவை உழவுக்குத் திரும்பினாள்" என்று மேடையில் பேசியவர்கள் உண்டு!

அடுத்து, வினைமுற்றைப் பாருங்கள். காவினெம், சுருக்கினெம் இரண்டும் இறந்தகாலம். "போய்விடுவேன்" என்ற மிரட்டல் பாட்டில் எங்குமே இல்லை. யாழைத் தோளில் தூக்கியாயிற்று, பையைக் கட்டியாயிற்று, அதன் பிறகுதான் தச்சன் உவமை வருகிறது. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராஜினாமா பண்ணுவேன் என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வேலை மாதிரிகளைத் தொகுத்திருக்க மாட்டார்கள், அனுபவச் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டார்கள், வீட்டுச் செலவுக்குக் கையில் எத்தனை மாதப் பணம் இருக்கிறது என்று எண்ணியிருக்க மாட்டார்கள். பை கட்டாமல் பேசினால் குரல் நடுங்கத்தான் செய்யும்.

இனி அந்த உவமை: "மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர் மழுவுடைக் காட்டகத்து அற்றே." மரம் வெட்டும் தச்சனின் கைதேர்ந்த பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போனது போல என்கிறார். இதில் மூன்று விஷயம் இருக்கிறது. கைவல், அதாவது தேர்ந்த கை. மழு, அதாவது கருவி. காடு, அதாவது வேலை கிடைக்கும் இடம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடைசி அடி பொய்யாகிவிடும். திறமை இருந்தும் மனம் உடைந்து நிற்பவரிடம் "உன்னை நம்பு" என்று சொல்வதைவிட, இந்த மூன்றில் எது குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கை நன்றாகவே இருக்கும். காட்டைத்தான் ஒரே வாசல் என்று சுருக்கி வைத்திருப்பார்.

மறுமொழி

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஔவை கோபத்தை எப்படி அடுக்குகிறார் என்று கவனியுங்கள். வாயில்காப்போனை மூன்று முறை விளித்தும் ஒரு வசவு இல்லை. "பரிசிலர்க்கு அடையா வாயிலோயே", அதாவது பரிசில் கேட்டு வருவோர்க்கு அடைக்காத வாயிலைக் காப்பவனே என்கிறார். மன்னனைச் சொல்லும்போதும் "கடுமான் தோன்றல் நெடுமான் அஞ்சி" என்று முழு மரியாதை. அதன் பிறகுதான் குத்து: "தன்னறியலன்கொல்? என்னறியலன்கொல்?" தன் தரம் அவனுக்குத் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா?

நிலுவைத் தொகைக்கோ பதில் வராத விண்ணப்பத்துக்கோ கடிதம் எழுதுகிறவர்களுக்கு இதே வரிசை பொருந்தும். முதல் பத்தியில் முடித்த வேலை, தேதி, பேசிய தொகை. இரண்டாவதில் இரண்டே கேள்வி: வேலையில் குறை உண்டா, உங்கள் பக்கம் முடிவெடுப்பவர் யார்? மூன்றாவதில் ஒரு தேதி. அவ்வளவுதான். வரவேற்பறையில் இருப்பவரிடமோ போன் எடுப்பவரிடமோ கொட்டித் தீர்ப்பதில் பயன் இல்லை. கதவைச் சாத்தச் சொன்னவர் அவர் இல்லை.

மறுமொழி

ஐயா, "வரிசைக்கு வருந்தும்" என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே! ஔவை தொகைக்காக வருந்தவில்லை, வரிசைக்காக வருந்துகிறார். வரிசை என்றால் தகுதியறிந்து செய்யும் மரியாதை. புறம் 208-இல் இதே அதியமான் பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். "யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று அவர் மறுக்கிறார். தினை அளவாக இருந்தாலும் தரம் அறிந்து கொடுத்தால் இனிது என்கிறார். நமக்கு வலிப்பது பணமா வரிசையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வலி வரிசையில் இருக்கும்போது தொகையை ஏற்றிக் கேட்டு வாங்கினாலும் மனம் ஆறாது.

மறுமொழி

ஒரு சின்னத் திருத்தம். இந்த ஔவை வேறு, மூதுரை ஔவை வேறு. சங்க ஔவையின் பாடல்கள் 59. புறநானூற்றில் மட்டும் 33. மூதுரையும் நல்வழியும் பல நூற்றாண்டு பிந்தியவை. இருவரையும் ஒரே பாட்டியாக்கி, கையில் கோலும் கொடுத்துவிட்டோம்.

ஆனாலும் மூதுரையின் "சங்கு சுட்டாலும் வெண்மை தரும்" என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. சுண்ணாம்புச் சூளையில் கரியும் கிளிஞ்சலும் மாறி மாறி அடுக்கிச் சுடுவார்கள். சரியாக வெந்தால் 100 கிலோ 56 கிலோ ஆகிவிடும், கரியமில வாயு போய்விடுவதால். பளபளப்பு போகும், உறுதி போகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, மாவாக உதிரும். அப்போதும் வெள்ளைதான், முன்பைவிட வெள்ளை. அரைவேக்காடாக எடுத்தால் நடுவில் கல் மாதிரி ஒரு கட்டி நின்றுவிடும், நீரில் கரையாது. "பழையபடி ஆகிவிடுவாய்" என்று இந்த வெண்பா சொல்லவில்லை. ஏறக்குறையப் பாதி எடை போன பிறகும் எது நிற்கும் என்றுதான் சொல்கிறது.

மறுமொழி

எப்போது காத்திருப்பது, எப்போது கிளம்புவது? இதற்கு 206-ஐ 101-உடன் சேர்த்து வாசிக்க வேண்டும். அதே புலவர், அதே அதியமான். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பல நாள் பலரோடு போனாலும் "தலைநாள் போன்ற விருப்பினன்" என்கிறார். பரிசில் நீட்டித்தாலும் அது யானை தன் கொம்பிடையே வைத்த கவளம் போல, தப்பாது என்கிறார். இரண்டு பாட்டிலும் தாமதம் உண்டு. 101-இல் முகம் மாறவில்லை, 206-இல் வாசலோடு நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே எண்ண வேண்டியது நாட்களை அல்ல. முதல் நாள் பேசிய மாதிரியே இன்றும் பேசுகிறார்களா? பேசினால் இருக்கலாம்.

மனப்பாடம் செய்கிறவர்களுக்கு: "சிறாஅர்" என்பதைச் "சிறார்" என்று சுருக்காதீர்கள், அடியில் ஒரு அசை விழுந்துவிடும். 12-ஆம் அடி முச்சீர்தான், மழுவுடைக் / காட்டகத் / தற்றே. அந்தக் குறையில் மூச்சை நிறுத்தி, பிறகு கடைசி அடியை நான்கு சீராக விடுங்கள். உரக்கச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மறுமொழி

235-ஐயும் பக்கத்தில் வையுங்கள். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறுந்தலை, அதாவது வெறுமை, ஆகிவிடவில்லை என்று வாசலில் நின்று சொன்னவர், அதே அதியமான் இறந்தபோது பாடியது இது: "இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று ஈகுநரும் இல்லை."