அரைமண்டியில் தொடைத் தசை எதை அளக்கிறது? நீட்சிப் பயிற்சி பற்றிய ஒரு கேள்வி

சலங்கை_ஈசூன் கேட்டது:

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பரதநாட்டியம் கற்றுக்கொடுக்கிறேன். வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளின் தொடை, கெண்டைக்கால் தசைகளை நீட்டும் பயிற்சி தருவது வழக்கம். துள்ளித் துள்ளி நீட்டினால் தசைக்குள் இருக்கும் ஓர் உணரி தசையை இறுகச் செய்துவிடும் என்று உடற்பயிற்சியாளர் ஒருவர் கூறினார். வேறொருவரோ, முதலில் தசையைச் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்துவிட்டு நீட்டினால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இருக்கும் இன்னோர் உணரி அத்தசையை அடக்கிவிடும், பிறகு எளிதாக நீளும் என்கிறார். ஒன்று இறுக்குவதற்கும் மற்றொன்று தளர்த்துவதற்கும் என்றால், முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் நிற்கும் பிள்ளையின் தொடையில் இரண்டும் ஒரே நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன? உடலியல் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே விளக்க வேண்டுகிறேன்.

இயன்முறை_ஜூரோங்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அரைமண்டியை வைத்தே இதை விளக்கிவிடலாம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளை மெல்ல முழங்காலை மடித்து இறங்கும்போது, முன்தொடைத் தசை உடலின் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. அத்தசையின் நார்களுக்கிடையே, அவற்றுக்கு இணையாக, சில மில்லிமீட்டர் நீளமுள்ள தசைக்கதிர்கள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கதிரும் மெல்லிய உறைக்குள் அடங்கிய சில சிறப்பு நார்களின் தொகுதி. நடுப்பகுதியை நரம்பு முனைகள் சுற்றியிருக்கும். தசை நீண்டால் கதிரும் நீளும், நரம்பு முனை இழுபடும், தண்டுவடத்துக்குச் செய்தி போகும். இதில் இரண்டு வகை நரம்புகள் உண்டு: ஒன்று தசை எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது, மற்றொன்று அதனுடன் எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதையும் சொல்கிறது. துள்ளி நீட்டும்போது இந்த வேகச் செய்தி மிகுந்து, அதே தசையைச் சுருங்கத் தூண்டுகிறது. ஆகவே முதல் பயிற்சியாளர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறுவதும் இதனால்தான். சுத்தியல் விழுவது தசைநாணின்மீது என்றாலும், பதில் கொடுப்பது தசைக்குள் இருக்கும் கதிர்தான். தட்டியதற்கும் தசை சுருங்கத் தொடங்குவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிநொடி ஆகிறது. நாமே எண்ணி அசைப்பதற்கு அதைப்போல் பல மடங்கு நேரம் தேவை. அதே செய்தி பின்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையையும் அடக்குவதால், எதிர்த்தசை குறுக்கே நிற்பதில்லை.

இனி பிள்ளை எழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தசை குறுகுகிறது. கதிர் அப்படியே விடப்பட்டால் தொய்ந்துபோய் எதையும் சொல்லாமல் இருந்துவிடும். அதைத் தடுப்பதற்காக, காமா இயக்க நரம்புகள் கதிரின் இரு முனைகளையும் தனியே சுருக்கி, நடுப்பகுதியை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல் 1945இல் இந்நரம்புகளின் பணியை எடுத்துக்காட்டினார். உணரியின் கூர்மையையே மூளையும் தண்டுவடமும் வேலைக்கேற்ப மாற்றி அமைக்கின்றன என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி.

நரம்பியல்_மாணவன்:

மேலே உள்ள விளக்கத்தோடு தசைநாண் உணரியைப் பற்றிச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் தவறான கருத்து அதிகம் பரவியிருப்பது அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான கமில்லோ கோல்கி விவரித்த இந்த உறுப்பு, தசையும் தசைநாணும் சேருமிடத்தில் இருக்கிறது. கதிரைப்போலத் தசைநார்களுக்குப் பக்கத்தில் இல்லாமல், அவற்றின் இழுவிசை கடந்து செல்லும் பாதையிலேயே இருப்பதால், இது அளப்பது நீளத்தை அன்று, விசையை. அரைமண்டியில் அசையாமல் நின்றபடி பிள்ளை உடலை ஒரு பக்கம் சாய்த்தால், அந்தப் பக்கத் தொடைத் தசையின் நீளம் ஏறக்குறைய மாறாதிருக்க, தாங்கும் விசை மட்டும் கூடும். அந்த மாற்றத்தைத் தெரிவிப்பது முதன்மையாக இந்த உறுப்புதான்.

தசை கிழிந்துவிடும் அளவுக்கு இழுபட்டால் மட்டுமே இது விழித்துக்கொண்டு தசையை நிறுத்தும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. ஹௌக், ஹென்னமன் இருவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. சுருங்கும் தசைநார்கள் எழுப்பும் மிகச் சிறிய விசைக்கும் இவ்வுறுப்பு பதில் அளிக்கிறது. சுருங்காத தசையை வெளியிலிருந்து இழுப்பதற்கு அவ்வளவாகப் பதில் தருவதில்லை. அதாவது, ஒவ்வொரு சாதாரண அசைவிலும் இது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் செய்தி எப்போதும் தசையை அடக்குவதும் இல்லை. நடக்கும்போது, எடை தாங்கும் காலில், இதே செய்தி நீட்டும் தசைகளுக்கு ஊக்கம் கொடுக்கிறது என்று பூனைகளில் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. செய்தி ஒன்றே, தண்டுவடத்தில் உள்ள இடைநரம்பணுக்கள் நிற்கிறோமா, நடக்கிறோமா என்பதற்கேற்ப அதை வேறு வழியில் செலுத்துகின்றன.

எனவே உங்கள் கேள்விக்கு நேரடியான பதில், அவை முரண்படவில்லை என்பதே. ஒன்று நீளத்தையும் வேகத்தையும், மற்றொன்று விசையையும் தெரிவிக்க, இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் தண்டுவடமும் சிறுமூளையும் அடுத்த கட்டளையை முடிவு செய்கின்றன.

இரண்டாவது பயிற்சியாளர் சொன்ன முறையால் தசை நீளும் எல்லை கூடுவது உண்மைதான். ஆனால் கோல்கி உறுப்பு தசையை அடக்குவதால் அது நிகழ்கிறது என்ற விளக்கம் நிற்கவில்லை. தசையை இறுக்குவதை நிறுத்தியதும் அந்த உறுப்பின் செய்தி பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. இழுவையைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் கூடுவதே முக்கியக் காரணமாகத் தெரிகிறது.

தெம்பனிஸ்_அண்ணாமலை:

பயனுள்ள விளக்கங்கள். என் தாயாருக்கு நீண்டகாலமாக நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் சோதித்தபோது கணுக்காலின் பின்புறம் தட்டியும் பாதம் அசையவில்லை. இதுவும் தசைக்கதிர் தொடர்பானதா?

இயன்முறை_ஜூரோங்:

ஐயா, கதிரிலிருந்து தண்டுவடத்துக்கும் அங்கிருந்து தசைக்கும் போகும் பாதையில் எங்கே தடை இருந்தாலும் அந்த அனிச்சைச் செயல் குறையும். நீரிழிவு நீண்ட நரம்புகளை முதலில் பாதிப்பதால் பாதமும் கணுக்காலும் முதலில் மாறுகின்றன. முதுமையினாலும் கணுக்கால் அனிச்சைச் செயல் குறைவதுண்டு. தாயாருக்குப் பாதத்தில் மரத்துப்போதலோ, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றமோ இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். கண் பார்த்துச் சரிசெய்வதை இருட்டு எடுத்துவிடுவதால், உணரிகளின் குறை அப்போதுதான் வெளிப்படும்.

சலங்கை_ஈசூன்:

இருவருக்கும் மிக்க நன்றி. கண்ணை மூடிக்கொண்டு அடவு செய்யச் சொன்னால், சில பிள்ளைகள் கையை நினைத்த இடத்தில் நிறுத்துகிறார்கள், சிலரால் முடிவதில்லை. கை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதும் இதே உணரிகள்தானா? வகுப்புக்கு முன் நீட்சிப் பயிற்சியை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

நரம்பியல்_மாணவன்:

பெரும்பங்கு தசைக்கதிர்களுடையதுதான், தோலும் மூட்டும் துணை செய்கின்றன. 1972இல் குட்வின், மெக்ளோஸ்கி, மேத்யூஸ் மூவரும் வெளியிட்ட சோதனைகளில், கையைப் பார்க்க முடியாதபடி செய்து, முன்புயத் தசையின் நாணில் அதிர்வுக் கருவியை வைத்தபோது, அசையாத முழங்கை நீண்டுகொண்டிருப்பதாகவே சோதனைக்கு உட்பட்டவர்கள் உணர்ந்தனர். அதிர்வு கதிர்களைத் தூண்ட, தசை நீள்வதாக மூளை எடுத்துக்கொண்டது. இழுபடுவதை மின்செய்தியாக மாற்றும் பியீசோ2 என்னும் புரதத்தை ஆர்டெம் பட்டப்பூட்டியன் குழுவினர் கண்டறிந்தனர். அவர் 2021இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்புரதம் பிறவியிலேயே செயல்படாதவர்களால், கண்ணை மூடினால் தங்கள் மூட்டு எந்தப் பக்கம் அசைக்கப்படுகிறது என்று சொல்ல இயலவில்லை.

வகுப்புக்கு முன், உடலைச் சூடேற்றும் அசைவுகளையும் மெதுவாக எல்லைவரை போய் வரும் நீட்டல்களையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் நீட்சி, அதன் பின் சிறிது நேரத்துக்குத் தசையின் வலிமையைக் குறைக்கக்கூடும் என்பதால், அதனை வகுப்பு முடிந்தபின் செய்யச் சொல்லுங்கள்.